நுரை நிக்கட்டும்

பஞ்சாட்சரத்தின் காரை ஊரே தள்ளியிருக்கிறது. ஊர் என்றால் ஊர்த்தெரு இல்லை, காலனி. காலையில் கார் கிளம்ப வேண்டுமென்றால் காலனியிலிருந்து நாலு ஆள் வரவேண்டும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையிலிருந்து அதை உந்தித் தெருவில் விட்டு, பிள்ளையார் கோயில் இறக்கம் வரைக்கும் தள்ளுவார்கள். இறக்கத்தில் அது ரெண்டு தும்மல் தும்மி, முதலில் வெள்ளையாகக் கக்கி, பிறகு கறுப்பாகக் கக்கிப் புறப்படும். தள்ளினவர்கள் முகமெல்லாம் கரியோடு திரும்பி நடப்பார்கள். அவர்களில் ஒருத்தன்கூட அந்தக் காருக்குள் உட்கார்ந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், பாதி ஏரிப் பாசனமும் பாதி கிணற்றுப் பாசனமுமாக இருந்த ஊர். மெட்ராஸில் டாக்சியாக ஓடி ஓடித் தேய்ந்துபோன டீசல் கார். அதை வாங்கிய நாளிலிருந்து பஞ்சாட்சரம் காஞ்சிபுரத்து ஒர்க்‌ஷாப் பக்கம் கொண்டுபோனதே இல்லை.

"டீசல்னா டீசல்தான்யா. கெணத்து மேல கீற ஆயில் இன்ஜினுக்கு நாலு சக்கரம் வெச்சா காரு. இதுக்கு ஒரு மெக்கானிக்கா?" என்பார்.

சொன்னது போலவே செய்வார். மார்கழிக் குளிரில் கிணற்று இன்ஜின் கிளம்பாவிட்டால் கந்தல் துணியைக் கொளுத்தி, அது காற்று இழுக்கும் வாயில் காட்டுவார்களே, அதையே காருக்கும் காட்டினார். கார் கிளம்பிற்று. மீசையில் ஒரு பக்கம் போயிற்று. மறுபக்கத்தையும் வழித்துக்கொண்டு, ஏதோ வேண்டுதல் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் காருக்கு வராத நோவில்லை. ஹீட்டர் பிளக் எரிந்துபோகும், பேட்டரி இறங்கிவிடும், நாசில் ஒழுகும். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தமான நோவு ஏர். டீசல் வருகிற பைப்பில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் விக்கி நின்றுபோகும். ஃபில்டர் தலையில் இருக்கிற சின்னத் திருகை லேசாகக் கழற்றி, பக்கத்துக் கைப்பம்பை அழுத்தி அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று வெறும் டீசல் ஒழுகினதும் திருகை இறுக்கிவிட்டால் தீர்ந்தது. "ஏர் புட்ச்சிக்கிச்சி" என்று அவர் சொல்லும்போது நாடி பார்த்த வைத்தியர் தோற்றுப்போவார்.

திருகைப் பிடிப்பது அவர். கைப்பம்பை அழுத்துவது அவர் பெண்டாட்டி சொக்கம்மாள். தொந்தி இடிப்பதால் அவரால் அவ்வளவு தூரம் குனிய முடியாது. அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, பானட்டுக்குள் தலையை விட்டு, விரல் நோக அவள் அழுத்துவாள். எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் பிறகு அவள் பிசைந்து போட்ட சோற்றில் டீசல் நாற்றம் அடிக்கும். அதற்கும் அவள்தான் திட்டு வாங்குவாள்.

அன்றைக்குச் சித்திரை வெயில். சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. கிணற்று இன்ஜின் விடிந்ததிலிருந்து ஓடுகிறது. இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவன் பச்சமுத்து. பஞ்சாட்சரத்திடம் வருஷ ஆள். உழுவதும் அவன்தான், வரப்பு அண்டை வெட்டுவதும் அவன்தான், கார் தள்ளுகிற நாலு பேரில் முதல் ஆளும் அவன்தான். அவன் பெண்டாட்டி மார்த்தாள் அதே கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவில் ஓடுகிற பெல்ட் நைந்துபோனது. ரெண்டு இடத்தில் தகடு வைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சூடேறினால் சக்கரத்தில் வழுக்கும், தண்ணீர் ஏறாது. இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டில் பிசின் தடவி, மறுபடி கிளப்ப வேண்டும். அதுதான் முறை. ஆனால் மறுபடி கிளப்ப ரெண்டு ஆள் நடவை விட்டு வரவேண்டும். அதனால் பஞ்சாட்சரம் வேறு முறை வைத்திருந்தார்.

"ஓட்றப்பவே தடவுடா. இன்னா, கடிக்கவா போவுது?"

அன்று காலையிலும் வரப்பில் நின்று அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாஷ்டா தின்ன வீட்டுக்கு வந்தார். இட்லியும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பும். அவர் நாலாவது இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கழனிப் பக்கம் கூச்சல் கேட்டது.

பெல்ட்டின் தகடு பச்சமுத்துவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. வலது கை. முழங்கைக்குக் கீழே எலும்பும் சதையும் எது எதென்று தெரியாமல் ஆகிவிட்டது. மார்த்தாள் தன் முந்தானையைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டியிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பஞ்சாட்சரத்தின் வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் கால் தானாக நின்றது. கட்டிலை உள்ளே கொண்டுவரவில்லை, தெருவோரப் புங்க மரத்தடியில் இறக்கினார்கள். ஈ மொய்க்கத் தொடங்கிற்று.

"ஆண்டே! காரு எடுங்க ஆண்டே! ஆஸ்பத்திரிக்கிப் போவணும்!" மார்த்தாள் கதறினாள்.

காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். ஊரில் வேறு கார் கிடையாது. பஞ்சாட்சரம் எழுந்து கை கழுவினார்.

"எடுக்கறேன், எடுக்கறேன். அயாத," என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போனார்.

சொக்கம்மாள் அடுப்படியில் நின்றாள். அடுப்படி ஜன்னல் கொட்டகையைப் பார்த்துத் திறக்கும். விடிகாலையில்தான் அந்தக் கார் உத்திரமேரூர் போய் உரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தது. இன்ஜின் சூடுகூட முழுக்க ஆறியிருக்காது. சாவியைத் திருப்பினால் போதும், தள்ளக்கூட வேண்டாம்.

பஞ்சாட்சரம் சாவியைத் திருப்பவில்லை. கதவைத் திறந்து பின் சீட்டைப் பார்த்தார். போன மாசம் போட்ட சிவப்பு ரெக்சின் உறை. அதன் மேல் பிளாஸ்டிக் காகிதம் இன்னும் உரிக்கப்படவில்லை. எட்டி, தெருவில் இருந்த கட்டிலைப் பார்த்தார். அப்புறம் பானட்டைத் தூக்கினார். ஸ்பேனரை எடுத்து, டேங்கிலிருந்து வருகிற பைப்பு பம்பில் சேர்கிற இடத்து நட்டில் வைத்து, ரெண்டு சுற்றுச் சுற்றினார். சொட்டின டீசலைத் தோள் துண்டால் துடைத்தார்.

எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும், எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்று சொக்கம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கழற்றினார். அவள் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்தும் நம்பவில்லை. ஏதோ கோளாறு இருக்கும், கழற்றி இறுக்குவார் என்று காத்திருந்தாள்.

அவர் பானட்டைத் திறந்தபடியே விட்டு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். பைப்பில் மிச்சமிருந்த டீசலில் இன்ஜின் படபடவென்று எடுத்தது. கொஞ்சம் ஓடிற்று. விக்கிற்று. நின்றது.

"அடச் சீ! ஏர் புட்ச்சிக்கிச்சி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கட்டில் தூக்கி வந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் காரைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னார். அவர்கள் சட்டையெல்லாம் பச்சமுத்துவின் ரத்தம். காரில் கை வைக்கப் போனவனை நிறுத்தி, "கைய தொடச்சிட்டு வாடா, வெள்ள பெயின்ட்டு" என்றார். அவன் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு தள்ளினான்.

தெருவில் பானட் திறந்தால் போதும், நம் ஊர் ஆம்பிளைகளுக்கு எங்கிருந்துதான் வருமோ அந்த உற்சாகம். வேதகிரி வந்துவிட்டார். பஞ்சாட்சரத்துக்கு மாமன் முறை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டிய காலத்தைவிட அதைப் பற்றிப் பேசிய காலம் அதிகம். பின்னாலேயே பங்காளி சுப்பிரமணி. அவருக்கு ரெண்டு ஆயில் இன்ஜின், அதனால் ரெண்டு மடங்கு ஞானம்.

"இன்னா மாப்ள, இன்னா கம்ப்ளெய்ண்டு?"

"ஏரு மாமா. காலைலதான் உத்திரமேரூரு பூட்டு வந்தேன், நல்லாத்தான் இர்ந்திச்சி. பச்சமுத்துக்கு கை அடிபட்டுக்கிச்சி, அவசரத்துக்கு எடுத்தா இப்டி பேஜார் பண்ணுது."

"ஏருதானே? அத்த எட்துட்டா பூட்ச்சி. டேய் சுப்புரமணி, கைப்பம்ப அட்ரா. நான் திருக பாத்துக்கறேன்."

சுப்பிரமணி குனிந்து அடித்தார். திருகு வாயில் கொழகொழவென்று வெள்ளையாக வந்தது.

"நுரை வருது மாமா."

"வரட்டும். நுரை நிக்கட்டும்."

அடித்தார். இன்னும் அடித்தார். நுரை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கழன்ற நட்டு வழியாகக் காற்று புகுந்துகொண்டே இருந்தது. அந்த நட்டின் பக்கம் பஞ்சாட்சரம் தொந்தியைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்கியோ காத்து இய்க்குது," என்றார் சுப்பிரமணி. "அண்ணே, நீ இப்டி வா, அந்தப் பக்கம் பைப்ப பாக்கறேன்."

"அந்தப் பக்கம் நான் பாத்துட்டேன். அல்லாம் டைட்டாத்தான் கீது."

"அப்ப ஃபில்டர் வாசரு பூட்டிருக்கும்."

"வாசரு புதுசுடா."

"டீசல்ல தண்ணி கலந்திருந்தா?" என்றார் வேதகிரி. "ஒரு தபா ராஜகுளத்தாண்ட எனக்கு அப்டித்தான் ஆச்சி. வண்டி நெறைய ஜனம். கல்யாண கோஷ்டி. ஃபில்டர கயட்டிப் பாக்கறேன், அடில அப்டியே தண்ணி நிக்குது. நான் இன்னா பண்ணேன்..."

அவர் என்ன பண்ணினார் என்பதை முழுக்கச் சொல்லி முடித்தார். சொல்லும்போது வெற்றிலையை மென்று, புங்க மரத்துப் பக்கமாகத் துப்பினார். கட்டிலுக்கு ரெண்டு முழம் தள்ளி விழுந்தது. கட்டிலில் பச்சமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவன் கத்தியிருந்தால்கூட அந்தப் பேச்சு கொஞ்சம் நின்றிருக்கும். ஆண்டைமார் எதிரில் சத்தம் போட அவனுக்கு வரவில்லை.

மார்த்தாள் பானட் அருகே வந்தாள். "ஆண்டே, ரத்தம் நிக்க மாட்டங்குது. மாட்டு வண்டியாவது கட்டட்டுமா?"

பஞ்சாட்சரத்தின் முகம் தெளிந்தது. "அதான் நல்லது. கட்டச் சொல்லு. என் மாட்டையே பூட்டிக்கினு போ. நான் இன்னா பண்ணட்டும், காரு இப்டி பண்ணிக்கினு கீது."

"இன்னா மாப்ள பேசற நீ?" வேதகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மாட்டு வண்டி உத்திரமேரூரு போய் சேர்றதுக்குள்ள பொய்து சாஞ்சிடும். அந்த ரோட்டுக் குலுக்கல்ல ரத்தம் நிக்குமா? தோ, ஏருதானே, இத்த எடுக்க முடியாதா? நான் கீறன், சுப்புரமணி கீறான். நீ போம்மா, அவன் தலமாட்ல இரு. நுரை நிக்கப்போவுது."

"சரிங்க ஆண்டே," என்று அவள் திரும்பிப் போனாள்.

வேதகிரி கெட்டவர் இல்லை. இந்தச் சங்கதியில் அருவருப்பே அதுதான். பஞ்சாட்சரம் ஒரு பொய்யைச் சொல்லிக் கழன்றுகொள்ளப் பார்த்தார். இவர்கள் ரெண்டு பேரும் அந்தப் பொய்யை ரிப்பேர் செய்ய உட்கார்ந்துவிட்டார்கள். டேங்க் மூடியைக் கழற்றி ஊதினார்கள். ஃபில்டரைப் பிரித்து மோந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார் சுப்பிரமணி. மண்ணெண்ணெய் கலந்தால் நுரை வராது, புகைதான் வரும் என்றார் வேதகிரி. அதில் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். நடுநடுவே ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். கார் விக்கிற்று, நின்றது. ஒருமுறை காரணமே இல்லாமல் காலனி ஆட்களைவிட்டு இறக்கம் வரை தள்ளச்சொல்லி, மறுபடி மேட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

"சொக்கு! மோர் எட்தா! மாமா வேர்த்து ஊத்திக்கினு கீறாரு," என்று பஞ்சாட்சரம் குரல் கொடுத்தார்.

சொக்கம்மாள் மோர்ச் சொம்போடு வந்தாள். கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்ட மோர். கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. அதை நினைத்துப் பின்னால் அவள் தன்னையே வெறுத்துக்கொண்டாள். மூணு பேரும் அண்ணாந்து குடித்தார்கள். பஞ்சாட்சரம் ஏப்பம் விட்டார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஃபில்டரைப் பார்த்தார்.

புங்க மரத்தடியிலிருந்து மார்த்தாள், "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றாள்.

சொக்கம்மாள் உள்ளே போய் வேறு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். காலனி ஆட்களுக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்று அந்தத் தெருவில் யாரும் யோசித்துக் கொடுப்பதில்லை. அவர்கள் ரெண்டு கையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும், இவர்கள் உயர்த்தி ஊற்ற வேண்டும். சொம்பைப் பார்த்ததும் பச்சமுத்துவின் இடது கை தானாக எழுந்தது. பக்கத்தில் சேர்வதற்கு இன்னொரு கையைத் தேடிற்று. அந்தக் கை கந்தலுக்குள் கிடந்தது. ஒற்றைக் கையைக் குழித்து வாயருகே வைத்துக்கொண்டு அவன் அவளைப் பார்த்தான்.

அவள் ஊற்றினாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்து மண்ணில் போயிற்று. மார்த்தாள் தன் ரெண்டு கையையும் குவித்து நீட்டினாள். அதில் ஊற்றியதும் அவன் வாய்க்குப் போவதற்குள் பாதி ஒழுகிவிட்டது.

சொக்கம்மாள் சொம்பை அவன் உதட்டிலேயே வைத்தாள். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். அந்த நிலையிலும் இழுத்தான்.

"குடிடா பச்சமுத்து. ஒண்ணும் ஆவாது, குடி," என்றாள். குடித்தான். சொம்பின் விளிம்பில் ரத்தம் ஒட்டிற்று.

அவள் சொம்பை அங்கேயே போட்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் காருக்கு வந்தாள்.

"நவுருங்க."

"நீ எதுக்குடி இங்க? உள்ள போ," என்றார் பஞ்சாட்சரம்.

"நவுருங்கன்றேன்."

அவர் நகரவில்லை. அவள் தோளால் அவர் தொந்தியை இடித்துக்கொண்டு குனிந்தாள். தெருவில், மாமன் முறைக்காரர் எதிரில், பெண்டாட்டி புருஷனை இடித்துத் தள்ளியது அந்த ஊரில் அதுதான் முதல்தடவையாக இருக்கும். சுப்பிரமணி கையில் இருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள். டேங்கிலிருந்து வருகிற பைப்பின் நட்டைத் தேடி, ரெண்டு சுற்று இறுக்கினாள். பிறகு கைப்பம்பை அழுத்த ஆரம்பித்தாள். நுரை வந்தது. நுரை குறைந்தது. சொட்டுச் சொட்டாக, பிறகு கம்பியாக, வெறும் டீசல் வந்தது. திருகை மூடினாள்.

"இப்ப எடுங்க."

வேதகிரியே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே அடி. கார் கிளம்பி உறுமிற்று.

"அடேங்கப்பா! அந்த நட்டா?" என்றார் சுப்பிரமணி. "அந்தப் பக்கம் பாத்துட்டேன்னு சொன்னியேண்ணே? தானா எப்டி கயண்டுக்கிச்சி?"

"உத்திரமேரூரு ரோட்ல போனா நட்டு இன்னா, நம்ப பல்லே கயண்டுக்கும்," என்று பஞ்சாட்சரம் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சொக்கம்மாள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கார் ஓடிக்கொண்டிருந்ததால் பஞ்சாட்சரத்துக்கு வேறு வழியில்லை.

அப்போதும் உடனே ஏற்றவில்லை. "இரு இரு" என்று உள்ளே ஓடி, காலி யூரியாக் கோணிகளைக் கொண்டுவந்து பின் சீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். மூலை மடங்கியிருந்ததை நீவிவிட்டார். மார்த்தாள் காரின் தரையில் உட்கார்ந்து புருஷன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

உத்திரமேரூரில் கட்டுப்போட்டு, அதே காரில் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களிடம் பஞ்சாட்சரம் முந்திக்கொண்டு, "குட்ச்சிட்டு ஓட்ற பெல்ட்டுல கைய வுட்டுக்கினான் சார்" என்றார். பச்சமுத்து கள்ளுகூடத் தொடாதவன். செங்கல்பட்டில் கையை முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் கீழேயாவது நிறுத்தியிருக்கலாம், ஒருவேளை கையே தப்பியிருக்கலாம் என்று அங்கிருந்த நர்சு மார்த்தாளிடம் சொன்னாள். "காரு ஏர் புட்ச்சிக்கிச்சிம்மா, ஆண்டை எவ்ளோ பாடுபட்டாரு தெரியுமா?" என்றாள் மார்த்தாள்.

பஞ்சாட்சரம் வீடு திரும்பி, தலை முழுகி, காருக்குள் சாம்பிராணி போடச் சொன்னார். சொக்கம்மாள் போடவில்லை.

"நீங்கதானே கயட்டனீங்க?" என்றாள்.

"எத்த?"

"நட்ட. நான் ஜன்னல்லேந்து பாத்தேன்."

அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஆமா. சீட்டு போட்டு ஒரு மாசம் ஆவுல. அதுவும் இல்லாம, என் காருல வெச்சி நானே இட்டுனு போனா, நம்ப கெணத்துலதான் அடிபட்டான்னு நானே எய்திக் குடுத்தா மாரி. போலீசு வந்தா நீ பதில் சொல்றியா?"

"அவன் செத்துப் பூட்டிருந்தா?"

"நான் இன்னா அவன் கைய வெட்டவா சொன்னேன்? வண்டில கொஞ்சம் ஏரு வுட்டேன். மாட்டு வண்டி கட்டிக்கினு போயிருப்பானுங்க. அந்தக் கெயவன்தான் நடுவுல பூந்து நுரை நிக்கட்டும் நுரை நிக்கட்டும்னு... நான் இன்னா பண்ண முடியும்?"

"நல்லா ஒர்த்தனத்தான் கட்டிக்கினேன்," என்றாள் அவள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைப்பாள், பேச மாட்டாள். கைப்பம்பு அழுத்தக் கூப்பிட்டாலும் போகமாட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் அவருக்குப் பேர் பெருகிக்கொண்டிருந்தது. காலனி ஆளைத் தன் காரிலேயே, தன் சீட்டிலேயே படுக்கவைத்துச் செங்கல்பட்டு வரைக்கும் கொண்டுபோன மனுஷன் என்று டீக்கடையில் பேசினார்கள். அப்படிப் பேச ஆரம்பித்து வைத்தவர் வேதகிரி. கேட்கும்போதெல்லாம் பஞ்சாட்சரம், "அட இன்னா மாமா, மனுசனுக்கு மனுசன் இதுகூட செய்யலன்னா எப்டி?" என்பார். அதைச் சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிவிட்டது.

பச்சமுத்து வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் காலையில் மார்த்தாள் வந்தாள். பஞ்சாட்சரம் முன்வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேதகிரியும் சுப்பிரமணியும் பெஞ்சில் இருந்தார்கள். மார்த்தாளின் இடுப்பில் ஒரு கோழி. கறுப்பும் சிவப்பும் கலந்த பெட்டைக் கோழி, கால் கட்டியிருந்தது. அவர்கள் வீட்டில் விற்கவோ அடிக்கவோ இருந்தது அது ஒன்றுதான்.

"ஆண்டே, உங்க காருனால அவுரு உசுரு பொயச்சாரு. என்னால ஆனது இதான்," என்று கோழியைத் தரையில் வைத்தாள். "அந்த ஒரு கையோட இன்னா வேல செய்ய முடியுமோ, நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

"இன்னாத்துக்கு மார்த்தா இதெல்லாம்?" என்றார் பஞ்சாட்சரம். கண் கோழிமேல் இருந்தது. "பாத்தியா மாமா, இவங்களுக்குத்தான் நன்றி கீது."

மார்த்தாள் அவர் காலில் விழக் குனிந்தாள். வாசற்படியில் சொக்கம்மாள் வந்து நின்றாள்.

"எய்ந்திரு மார்த்தா. அந்தக் கால்ல உய்வாத," என்றாள். "அன்னிக்கி நட்டு தானா கயலல. இவுருதான் கயட்டனாரு. நீ வாசல்ல நின்னு கத்திக்கினு கீறப்ப, ஸ்பேனர வெச்சி கயட்டனாரு. நான் பாத்தேன்."

குனிந்தவள் பாதியில் நின்றாள். வேதகிரி வாயில் குதப்பிய வெற்றிலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பைத்தியம் புட்ச்சிக்கினு கீது இவளுக்கு," என்று பஞ்சாட்சரம் சிரிக்கப் பார்த்தார். "நீதான் அங்கியே இர்ந்தியே மார்த்தா? நுரைய பாத்தியே? வண்டி ஏர் புட்ச்சிக்கிச்சி. அதுக்கு நான் இன்னா பண்றது?"

மார்த்தாள் நிமிர்ந்தாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"உன் வண்டி புட்ச்ச ஏரு வெறும் காத்து," என்றாள். "எம் புருசன் புட்ச்ச ஏருலதான்யா நீ துன்ற சோறு வெளஞ்சிது."

குனிந்து கோழியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கோழி ஒருதரம் கொக்கரித்தது. திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிக் காலனிப் பக்கம் நடந்தாள். புங்க மரத்தைத் தாண்டினாள்.

பஞ்சாட்சரம்தான் முதலில் பேசினார்.

"முட்ட வெக்கிற கோயிடா சுப்புரமணி," என்றார். "எட்துக்கினு பூட்டா பாரு."

சொக்கம்மாள் படியிறங்கி அவர் எதிரில் வந்து நின்று, அவர் காலடியில் காறித் துப்பினாள்.